அடித்தட்டில் எழுதியிருப்பது

கூடைக்குள் கைவிட்டு எடுத்ததும் வண்டியை மல்லாக்கப் புரட்டுகிறார். முகம், நிறம், சக்கரம் எல்லாம் அவருக்கு அப்புறம்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பெயிண்டில் படாமல் சக்கரங்களைப் பிடித்துக்கொள்கின்றன. இன்னொரு கை சட்டைப் பையிலிருந்து பேனா அளவு டார்ச் ஒன்றை எடுக்கிறது. வெளிச்சத்தை நேராக அடிப்பதில்லை, சாய்த்து அடிக்கிறார். அப்போதுதான் உலோகத்தில் புடைத்திருக்கும் எழுத்துக்கு நிழல் விழும், படிக்க முடியும். படித்து முடித்த பிறகே வண்டியை நிமிர்த்தி, இது என்ன வண்டி என்று பார்க்கிறார்.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வணிக வளாகம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபின் அங்கிருந்த வியாபாரிகள் வந்து சேர்ந்த இடம். பழைய புத்தகம் தேடுகிறவர்களும் வண்ணமீன் வாங்குகிறவர்களும் ஒரே நடையில் தோள் இடித்துக்கொண்டு போகிறார்கள். இந்தக் கடையில் பொம்மை மட்டும். வாசல் கொக்கிகளில் புதுக் கார்கள், அட்டையோடும் பிளாஸ்டிக் உறையோடும். உள்ளே தரையில் கூடைகள். வீடு காலி செய்தவர்கள் போட்டுவிட்டுப் போனதும் காயலான் கடையில் பிரித்தெடுத்ததும் அவற்றில் ஒன்றாகக் கிடக்கின்றன. கால் ஒடிந்த ரோபோ, பின்னால் இழுத்து விட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாசிடர், சக்கரமில்லாத ஜீப். நடுநடுவே, விரல் நீளத்தில் உலோகக் கார்கள்.

வந்தவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அரைக்கைச் சட்டை, இஸ்திரி கலையாத கால்சட்டை. அந்தக் கால்சட்டையோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் நீட்டிய ஸ்டூல் பக்கத்தில் காலியாக இருக்கிறது. எதிர்ப் புத்தகக் கடையில் ஒரு பழைய மாத இதழைப் புரட்டியபடி நான் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. கூடையைத் தவிர வேறு எதையும் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

முதலில் ஒரு சிவப்பு லண்டன் பஸ். இரட்டை மாடி, பக்கவாட்டில் எண்ணெய் விளம்பரம் பாதி உரிந்திருக்கிறது. புரட்டுகிறார், டார்ச் சாய்கிறது. இங்கிலாந்தில் செய்தது, லெஸ்னி என்று இருக்க வேண்டும்; மேட்ச்பாக்ஸ் வரிசையில் 5ஆம் எண் அது. அவர் முகத்தில் ஒரு தளர்வு. பஸ்ஸைக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு, கூடையை மறந்து, கொஞ்ச நேரம் அதையே பார்க்கிறார்.

லெஸ்னி 1947இல் லண்டனில் தொடங்கியது. லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள் தங்கள் பெயர்களை ஒட்டவைத்து நிறுவனத்துக்குச் சூட்டினார்கள். இருவரும் உறவினர்கள் அல்ல. எட்மண்டன் பகுதியில் கைவிடப்பட்ட ஒரு மதுக்கடைதான் முதல் பட்டறை. பிறகு வந்து சேர்ந்த ஜாக் ஓடெல் அச்சு செய்வதில் கைதேர்ந்தவர். அவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி. பித்தளையில் குட்டியாக ஒரு சாலை உருளை செய்து தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார் ஓடெல். மற்றப் பிள்ளைகளும் கேட்டார்கள். 1953இல் மேட்ச்பாக்ஸ் வரிசை பிறந்தது இப்படித்தான். அதே ஆண்டு எலிசபெத் முடிசூட்டு விழாவையொட்டி விட்ட குட்டி ரதம் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பிறகு கிழக்கு லண்டன் ஹாக்னியில் பெரிய ஆலை எழுந்தது. இந்தப் பஸ்ஸின் பாகங்களை அங்கே யாரோ ஒருவர் பொருத்தி, ரிவெட்டைத் தட்டி முடித்து அனுப்பியிருக்கிறார். அது எத்தனை கைமாறி அல்லிக்குளத்துக் கூடைக்குள் விழுந்தது என்று சொல்லத்தான் ஆளில்லை.

1982இல் லெஸ்னி திவாலானது. அதற்குப் பிறகு வந்த மேட்ச்பாக்ஸ் கார்களைப் புரட்டினால் மக்காவ் இருக்கும், அப்புறம் சீனா, அப்புறம் தாய்லாந்து. ஹாட்வீல்ஸுக்கும் அதே கதை. 1968இல் மேட்டல் நிறுவனம் கலிபோர்னியாவிலிருந்து 16 கார்களோடு தொடங்கியபோது அமெரிக்கா, ஹாங்காங் இரண்டு இடத்திலும் வார்த்தார்கள். ஒரே கார்; அடித்தட்டு வேறு. மெல்லிய கம்பி அச்சில் தொங்கிய அந்தச் சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. ஏவுகணைத் தொழிலிலிருந்து வந்த ஜாக் ரயன் என்ற பொறியாளரின் பங்கு அதில் உண்டு. வேகத்துக்கு ஈடுகொடுக்க மேட்ச்பாக்ஸும் தன் சக்கரங்களை மாற்ற வேண்டிவந்தது. 1997இல் மேட்ச்பாக்ஸும் மேட்டல் கைக்கே போய்ச் சேர்ந்தது. உலகத்தில் வேலை எங்கெங்கே இடம்பெயர்ந்தது என்பதற்கு இந்த அடித்தட்டுகளை விடத் துல்லியமான பதிவேட்டை நான் பார்த்ததில்லை.

அடுத்து வந்த காரில் அவர் டார்ச்சை அணைத்துவிட்டு நகத்தால் தடவுகிறார். பெயிண்டுக்கு அடியில் நூல்நூலாக விரிசல். கதவோரம் உப்பியிருக்கிறது. உதட்டைப் பிதுக்கிக் கூடையிலேயே திரும்ப வைக்கிறார், மெதுவாக, நோயாளியைக் கட்டிலில் கிடத்துகிற மாதிரி. இந்தக் கார்களின் உலோகம் துத்தநாகக் கலவை. துத்தநாகத்தோடு அலுமினியம், கொஞ்சம் மெக்னீசியம், செம்பு. உருக்கி எஃகு அச்சுக்குள் அழுத்தினால் கதவிடுக்கு, விளக்கு, நம்பர் பலகை வரை அப்படியே எழும்பும். ஆனால் கலவையில் ஈயம் துளி கலந்துவிட்டால் போதும். பல வருஷம் கழித்து உள்ளிருந்தே உப்பி, வெடித்து, உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முன் லிவர்பூலில் வார்த்த டிங்கி கார்கள் பல இப்படித்தான் போயின. மருந்தே கிடையாது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

“பாய், புது கேஸ் உடைச்சிட்டீங்களா?”

வாசலில் ஒரு இளைஞன். முதுகுப்பையிலிருந்து கல்லூரி அடையாள அட்டையின் நாடா தொங்குகிறது. கேஸ் என்றால் 72 கார் அடங்கிய பெட்டி. அதை உடைத்த நாளில் வந்தவருக்குத்தான் நல்லது கிடைக்கும்.

“நேத்தே உடைச்சாச்சு தம்பி. மிச்சம் இருக்கறதுதான் மாட்டியிருக்கேன், பாரு.”

அவன் கைகள் கொக்கிகளில் ஓடும் வேகம் வேறு. அட்டையின் மூலை மடிந்திருக்கிறதா, பிளாஸ்டிக் உறையில் பள்ளம் விழுந்திருக்கிறதா, அரிய காருக்கு அடையாளமான சின்னச் சுடர்க் குறி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கண் துழாவுகிறது. 1995 முதல் ஹாட்வீல்ஸ் சில கார்களைக் குறைவாக வார்த்துப் பெட்டிகளுக்குள் கலந்துவிடுகிறது. பளபளக்கும் பெயிண்டும் ரப்பர் டயரும் போட்ட இன்னும் அரிய ரகம் 2007இல் தனியாக வந்தது. அவன் தேடுவது அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. டாட்சன் 510 ஒன்றை எடுத்து நின்றுவிட்டான். வெள்ளை, சிவப்பு, நீலம், கதவில் 46. 1971, 1972 இரண்டு வருஷமும் அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் போட்டியில், இரண்டரை லிட்டருக்குக் குறைந்த பிரிவில் ஜெயித்த வண்டியின் கோலம் அது. அந்தப் பந்தயங்கள் நடந்தபோது இவனுடைய அப்பாவே பிறந்திருக்க மாட்டார். ஆனாலும் அந்தச் சதுர மூக்கையும் நேர்க்கோடான இடுப்பையும் அவன் பார்க்கிற பார்வையில் போலி இல்லை. ஜுன் இமாய் என்ற வடிவமைப்பாளர் 2009இல் அந்தக் காரை ஹாட்வீல்ஸுக்குள் கொண்டுவந்தார். உண்மைக் காரை நேசித்தவர் செய்த அளவு அது. கூரை உயரத்தில், சக்கர இடைவெளியில் அந்த நேசம் தெரிகிறது. பழைய வடிவத்தில் புதிதாக வருகிற கார்களில் பாதி, நிறத்தை மட்டும் பழசாக்கிக் கடமைக்கு வருபவை. இது அந்தப் பாதியில் சேராது.

தரையில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்கிறார். “டாட்சனா? கொஞ்சம் குடுப்பா.”

அவன் தயங்கிக் கொடுக்கிறான். “அட்டை மடிஞ்சிடாம சார்.”

“பிரிக்க மாட்டியா?”

“இல்ல சார். அட்டையோடதான் வெச்சிருப்பேன்.”

அவர் தலையாட்டுகிறார். அட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, உறையின் அடிவழியாக டார்ச்சை அடித்து, கீழிருந்து மேலாகப் பார்க்கிறார். “மலேசியா.”

“எல்லாமே மலேசியாதானே சார்?”

“இல்லப்பா. சிலது தாய்லாந்து வரும், சிலது இந்தோனேசியா. பாக்கணும்.”

அவன் அட்டையை வாங்கி, முதன்முறையாக அடியைப் பார்க்கிறான். எழுத்து அவனுக்குப் பிடிபடவில்லை போல. கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்க்கிறான். அவர் எட்டி டார்ச்சின் கோணத்தைச் சரிசெய்துவிடுகிறார்.

மலேசியா என்று அடியில் இருப்பவை பினாங்கு மாநிலத்தின் பிறை தொழிற்பேட்டையில் செய்பவை. மேலே ஜப்பானியக் கார், அதன் மேல் அமெரிக்கப் பந்தயக் கோலம், அடியில் பிறை. நம்மவர்கள் தலைமுறைகளாக வாழும் ஊர் அது. கதவில் அந்த 46 உட்காருவதற்கு, மிருதுவான சிலிக்கோன் திண்டு ஒன்று மசியை எடுத்து ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை காரின் மேல் ஒற்ற வேண்டும். ஒற்றுவது நூலளவு தவறினாலும் எண் கோணிப்போகும். பிறகு கண்ணாடி, இருக்கை, அச்சு, அடித்தட்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து ரிவெட்டில் இறுகும். அத்தனைக்கும் கடையில் கொடுக்கிற விலை இருநூறு ரூபாய்க்குள். பழமையின் அழகைக் கொண்டாடுகிறவர்கள் கூரையோடு நின்றுவிடக் கூடாது என்று எனக்குப் பிடிவாதமான எண்ணம் உண்டு. 1971இன் காரைக் குட்டியாக வரைந்தவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. அதை இன்றைக்கு நம் உள்ளங்கைக்குச் செய்து அனுப்பியவருக்கு அந்த ஒற்றை ஊர்ப்பெயர்தான் கையெழுத்து.

இளைஞன் பணம் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவர் பக்கத்திலேயே குந்திவிட்டான்.

கூடையின் அடியிலிருந்து அவர் கைக்குக் கனமாக ஒன்று வருகிறது. மெர்சிடிஸ் பென்ஸ் 220 எஸ்இ. தடித்த நீலப் பெயிண்ட், தூரிகையில் அடித்தது போலத் திரண்டிருக்கிறது. மற்றவற்றை விடப் பெரியது. புரட்டி டார்ச்சைச் சாய்த்தவர் அப்படியே உறைந்துவிடுகிறார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, காரைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோகிறார்.

“என்ன சார்?” என்கிறான் இளைஞன்.

“நிக்கி.”

டிங்கி கார்களின் அச்சுகள் சில 1960களின் பிற்பகுதியில் லிவர்பூலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தன. அந்த அச்சுகளில் இங்கே வார்த்தவை நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் விற்றன. அடியில் பெயரை மாற்றி வெட்டிய இடம் கரடாக இருப்பதை அவர் நகத்தால் தொட்டுக் காட்டுகிறார். மேக்ஸ்வெல், மில்டன் என்று வேறு கல்கத்தா கார்களும் அதே காலத்தில் வந்தன. பிறகு லியோ என்ற பெயரோடு ஹாட்வீல்ஸே இந்தியாவில் வார்க்கப்பட்டது. இந்தக் கார்களை வாங்கிய வீடுகள் பெட்டியோடு பத்திரப்படுத்தி வைத்தவை அல்ல. பிள்ளைகள் மண்ணில் ஓட்டினார்கள், மாடிப்படியில் உருட்டினார்கள், தம்பிக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் இன்று அவை இத்தனை அரிது. வேலைப்பாடு முரடு என்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைப் பற்றிச் சொல்வது உண்மைதான். முரடாக இருந்தாலும் நம் பட்டறையில் வார்த்தது. இதை லிவர்பூல் காருக்கு ஒரு படி கீழே வைக்க எனக்கு மனம் வராது.

“நம்ம ஊர் கார் ஏதாவது இதுல செஞ்சாங்களா சார்?”

அவர் யோசிக்கிறார். “ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் தெரியுமா? வண்டலூர்ல செஞ்சாங்க, அறுபதுகள்ல. மெட்ராஸ் காரு. அதோட மூலம் டிரையம்ப் ஹெரால்ட். டிங்கியில ஒண்ணு இருக்கு, கார்கியில ஒண்ணு இருக்கு. நானும் தேடிட்டேதான் இருக்கேன்.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தக் குறுக்குக் கணக்கு அப்போதுதான் விளங்கியது. நம் சாலையில் ஓடிய ஹெரால்டின் டிங்கிப் பொம்மையைப் புரட்டினால் இங்கிலாந்து என்றிருக்கும். நம் தெருப்பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏறியே பார்க்காத பென்ஸைப் புரட்டினால் கல்கத்தா. பெரிய கார்கள் போன பாதை ஒன்று, குட்டிக் கார்கள் வந்த பாதை ஒன்று. இரண்டையும் ஒருசேரப் பிடித்துவைக்க இவர் மாதிரி ஒருவர் தரையில் உட்கார வேண்டியிருக்கிறது.

சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு வருகிறது. அடியில் இருப்பதை எழுத்து எழுத்தாக, வரிசை மாறாமல், எண்ணையும் விடாமல் எழுதிக்கொள்கிறார். இளைஞன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இப்போது கோணம் சரியாக இருக்கிறது.

பஸ்ஸுக்குப் பேரம் நடக்கிறது. கடைக்காரர் சொன்னதில் பாதியில் தொடங்கி, நடுவில் வந்து நிற்கிறார்கள். பென்ஸை நீட்டியபோது கடைக்காரர் அதையும் புரட்டிப் பார்க்கிறார். இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே, விலையைக் கூட்டியே சொல்கிறார். இவர் பேரம் பேசவில்லை. எண்ணிக் கொடுக்கிறார்.

“பெயிண்ட் அடிச்சுப் புதுசாக்கிடுவீங்களா சார்?” இளைஞன் கேட்கிறான்.

“ரிவெட்டைத் துளை போட்டாத்தான் பிரிக்க முடியும். துளை போட்டா அடியில எழுத்து போயிடும். இருக்கட்டும் இப்படியே.”

கைக்குட்டையில் இரண்டையும் தனித்தனியாகச் சுற்றி, பைக்குள் வைத்து, முழங்காலில் கையூன்றி எழுகிறார். கால்சட்டை முழுக்கத் தூசி.

“பெரம்பூர்ல ஒரு பழைய வீடு காலி பண்றாங்க சார்,” என்கிறார் கடைக்காரர். “புதன்கிழமை மூட்டை வரும். பொம்மை நெறைய இருக்குன்னாங்க.”

“வர்றேன் பாய். நீங்க பிரிக்காம வைங்க. பசங்கள விட்டு சோப்புத் தண்ணியில கழுவிடாதீங்க, ஸ்டிக்கரெல்லாம் போயிடும்.”

“எனக்கும் சொல்லுங்க பாய்,” என்கிறான் இளைஞன்.