பூட்டிய கதவும் புகையும்

ஏட்டுச் சுவடிக்கு நெருப்பும் நீரும் கறையானும் பகை என்பதை அறியாதவர் நம் நாட்டில் இல்லை. நாலாவதாக இன்னொரு பகையும் உண்டு. அதன் பெயர் பூட்டு. அது புஸ்தகங்களோடு நில்லாமல், படிக்க வருகிறவர்களையும் ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தக் கூடியது என்பதைச் சில மாதங்களுக்கு முன் ஒரு சர்வகலாசாலையின் புஸ்தகசாலையில் நேரிலே கண்டோம். எந்தச் சர்வகலாசாலை என்று நேயர்கள் கேட்க வேண்டாம். ஊர்ப் பெயர் சொல்லி ஒருவரை நாணச் செய்வது நமது நோக்கமன்று.

நம்மிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தாலுகாவின் பழைய ஏரிகளைப் பற்றிச் சொல்லவேண்டுமென்று வெகு நாளாக ஆசை. நூறு வருஷத்துக்கு முந்திய ஜில்லா கெஜட்டியர் ஒன்று அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தோம். பையை ஒருவரிடம் ஒப்படைத்தோம். தலைமை ஆசிரியரின் கடிதத்தை இன்னொருவரிடம் நீட்டினோம். இரண்டு பாரங்களைப் பூர்த்தி செய்தோம். ஒன்றரை மணி நேரத் தவத்துக்குப் பிறகு கெஜட்டியர் தரிசனம் தந்தது. இரண்டாவது மாடியில், முப்பது மாணவ மாணவிகள் படித்துக்கொண்டிருந்த பெரிய கூடத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்தோம்.

அரைப் பக்கம் குறிப்பு எடுத்திருப்போம். ரப்பர் கருகுவது போன்ற நாற்றம் மூக்கைத் துளைத்தது. சிறிது நேரத்தில் அபாய மணி அலறத் தொடங்கிற்று. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாம் எழுந்து சென்று மேஜைக்குப் பின்னால் வீற்றிருந்த உத்தியோகஸ்தரை விசாரித்தோம்.

"அது அடிக்கடி அடிக்கும், ஸார். நீங்கள் போய்ப் படியுங்கள்" என்றார் அவர், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"புகை வருகிறதே, ஐயா?"

"கீழே ஏதாவது குப்பை கொளுத்துவார்கள்."

இதற்குள் மாடிப்படியின் வழியாக மெல்லிய கரும்புகை கூடத்துக்குள் நுழைந்தது. அதைக் கண்டதும் உத்தியோகஸ்தர் எழுந்தார். ஆனால் அவர் போட்ட முதல் உத்தரவு நம்மைத் திகைக்க வைத்தது. "யாரும் அப்படியே போகக்கூடாது! எடுத்த புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வரிசையாகப் போங்கள்!"

வரிசை நின்றது. கையெழுத்துக்கு ஒரே பேனா. கூடத்தின் மறு கோடியில் 'அவசர வழி' என்று பச்சை எழுத்தில் ஒரு கதவு இருப்பதைக் கண்டு சில மாணவர்கள் அங்கே ஓடினார்கள். கதவுக்கு முன்னால் கால் ஒடிந்த நாற்காலிகளும் பழைய பத்திரிகைக் கட்டுகளும் மலைபோல் கிடந்தன. அவற்றை நகர்த்திப் பார்த்தால், கதவில் ஒரு பெரிய பூட்டு! சாவி எங்கே என்று கேட்டோம். உதவி நூலகரிடம் இருக்கிறதாம். உதவி நூலகர் எங்கே? அன்று அவருக்கு லீவு.

அந்தக் கூடத்தில் ஊன்றுகோலுடன் ஒரு மாணவி இருந்தாள். புகையைக் கண்டு அவள் அழவில்லை. கூச்சல் போடவும் இல்லை. சாத்திய கதவையும் நீண்ட வரிசையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நாம் இன்னும் மறக்கவில்லை.

நல்ல வேளையாக அந்தக் கட்டடத்தில் அறிவுள்ள ஜீவன் ஒன்று இருந்தது. தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "புஸ்தகத்தைப் போட்டுட்டு இறங்குங்க கண்ணுங்களா! முந்தானையாலே மூக்கைப் பொத்திக்கிட்டு வாங்க!" என்று குரல் கொடுத்தாள். தினக்கூலிக்கு வருகிறவள் என்று பிறகு அறிந்தோம். அவளுடைய குரலுக்கு முன் ரிஜிஸ்தர் எம்மாத்திரம்? இரண்டு மாணவர்கள் ஊன்றுகோல் பெண்ணைக் கைகோத்துத் தூக்கிக்கொண்டார்கள். ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தோம்.

தீ பெரிய தீ அல்ல. கீழ்த்தளத்தில் ஒரு பழைய குழல் விளக்கின் சோக் கருகியிருந்தது. அருகிலிருந்த வயரும் சிறிது பற்றியிருந்தது. மின்சார வேலைக்காரர் வந்து பியூஸைப் பிடுங்கியவுடன் காரியம் முடிந்தது. "நான்தான் சொன்னேனே, ஒன்றும் இல்லையென்று!" என்றார் உத்தியோகஸ்தர், யுத்தத்தில் ஜயித்தவரைப் போல. முறையீட்டுப் புஸ்தகம் கேட்டோம். அது பீரோவில் இருக்கிறதாம். பீரோ சாவி யாரிடம் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒன்றும் இல்லாமல் போனது அதிர்ஷ்டம். எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 1986 ஏப்ரல் 29-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மத்தியப் புஸ்தகசாலையில் மணி அடித்தபோது, வழக்கமான பொய் மணி என்றுதான் பலரும் எண்ணினார்களாம். ஆனாலும் உள்ளே இருந்த சுமார் 400 பேரும் சில நிமிஷங்களில் வெளியே வந்துவிட்டார்கள். அதன் பின் ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிந்த நெருப்பில் சுமார் 4 லட்சம் புஸ்தகங்கள் நாசமாயின. இன்னும் 7 லட்சம் புகையாலும் தண்ணீராலும் கெட்டன. படிக்க வந்தவர்களில் ஒருவர்கூட மாளவில்லை. பொய்யாக இருக்கலாம் என்ற மணிக்கும் மதிப்புக் கொடுத்ததன் பலன் அது.

2021 ஏப்ரல் 18-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் மலைச்சரிவில் மூண்ட காட்டுத் தீ கேப் டவுன் சர்வகலாசாலைக்குள் புகுந்தது. ஜாகர் வாசகசாலையின் பெரிய கூடம் எரிந்து போயிற்று. ஆனால் நெருப்பை உணர்ந்தவுடன் தாமே இறங்கி மூடிக்கொள்ளும் தடுப்புக் கதவுகள் அங்கே இருந்தபடியால், மற்றப் பகுதிகளில் இருந்த நூல்கள் தப்பின. நெருப்புக்கு முன் மூடிக்கொள்ளும் கதவு ஒன்று, மனிதருக்கு முன் திறந்துகொள்ளும் கதவு ஒன்று. இரண்டும் புஸ்தகசாலைக்கு அவசியம். நாம் கண்ட இடத்தில் முதலாவது இல்லை, இரண்டாவதற்குப் பூட்டு.

பூட்டு ஏன் வந்தது? புஸ்தகத் திருட்டுக்குப் பயந்துதான். சிப்பந்திகள்பேரில் மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. வருஷாந்தரக் கணக்கெடுப்பில் ஒரு புஸ்தகம் குறைந்தால் தம் தலைக்கு வருமே என்ற அச்சம் அவர்களுடைய எலும்பில் ஊறியிருக்கிறது. மத்திய அரசாங்கத்தின் 2017-ஆம் வருஷத்துப் பொது நிதி விதிகளோ, ஒரு வருஷத்தில் வாசகர் எடுத்துப் பார்க்கும் புஸ்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து குறைவது சகஜமே என்று ஏற்றுக்கொள்கின்றன. நாணயக்கேடும் கவனக்குறைவும் இருக்கலாகாது, அவ்வளவுதான். ஐந்து புஸ்தகங்களை விதியே மன்னிக்கிறது. அப்படியிருக்க, முப்பது உயிர்களைப் பணயம் வைத்து எதைக் காப்பாற்றுகிறோம்? மேலும், வெளியேறும் வழிக் கதவை உள்ளே இருப்பவர் சாவியில்லாமல் திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சொல்கிறது. 'அவசர வழி' என்று எழுதிவிட்டுப் பூட்டுவது, தண்ணீர்ப் பந்தல் என்று எழுதி வெறும் பானையை வைப்பதற்கு ஒப்பாகும்.

சீகாழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலக இயலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். புஸ்தகங்கள் உபயோகத்துக்கே என்பது அவற்றில் முதலாவது. வாசகருடைய நேரத்தை மிச்சப்படுத்து என்பது நாலாவது. வாசகருடைய உயிரைக் காப்பாற்று என்று அவர் தனியாக ஒரு விதி வகுக்கவில்லை. அது சொல்லாமலே விளங்கும் என்று கருதியிருப்பார் போலும்.

பள்ளிக்கூடத்து ஆசிரியராகிய நமக்கு இது வெறும் புஸ்தக விஷயமன்று. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல் கூடத்தில் பற்றிய நெருப்பு கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோய்விட்டது. அன்று முதல், எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் நமது கண் முதலில் தேடுவது இரண்டாவது வாசலைத்தான்.

நேயர்களும் தங்கள் குழந்தைகளைப் புஸ்தகசாலைக்கோ, பள்ளிக்கோ, கலியாண மண்டபத்துக்கோ அழைத்துச் செல்லும்போது அவ்வாறே தேடுவார்களாக. கதவு திறக்கிறதா என்று கையை வைத்துத் தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லையானால் பொறுப்பாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் கடிதம் எழுதுங்கள். நாம் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஆனால் சென்ற வாரம் அந்தப் பக்கம் போன நமது பழைய மாணவன் ஒருவன், ஒடிந்த நாற்காலிகளை அகற்றிவிட்டார்கள் என்று சொன்னான். பூட்டு இன்னும் இருக்கிறதாம். இரண்டாவது கடிதத்தை இன்று தபாலில் சேர்த்திருக்கிறோம்.