முத்தட்டும்னு விட்ட கண்ணு

ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏத்தின ஒரு நாள்தான் எனக்கு முதல்ல உறைச்சிருக்கணும். உறைக்கல.

எங்க வீட்ல தக்காளி தரம் பிரிக்கறது எப்பவும் அம்மா வேலை. பழம் எது, செங்காய் எது, ஓட்டை விழுந்தது எதுன்னு பேசிக்கிட்டே பிரிச்சுப் போட்டுடுவாங்க. அன்னைக்கு மண்டியில பெட்டியைக் கொட்டினா பழத்துக்கு நடுவுல பச்சைக்காய் கலந்து கிடக்குது. நாலு பேர் முன்னாடி மண்டிக்காரர் விலையில கழிச்சுட்டார். அந்தக் கோவத்தோட வீட்டுக்கு வந்து அம்மாவை சத்தம் போட்டேன். "முடியலைன்னா சும்மா உக்கார வேண்டியதுதானே? யாரு உன்னை பிரிக்கச் சொன்னா?"

அம்மா ஒண்ணும் பேசல. முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு உள்ள போய்ட்டாங்க.

இப்ப நினைச்சுப் பார்த்தா அதுக்கு முன்னாடியே எவ்வளவோ அடையாளம் இருந்துச்சு. டம்ளர்ல தண்ணி ஊத்தும்போது விரலை உள்ள விட்டு அளவு பார்ப்பாங்க. என் பொண்ணு "அவ்வா, விரலை விடாதே"ன்னு முகம் சுளிப்பா. ராகியில கல்லு கிடக்கும். சாயங்காலம் ஆச்சுன்னா திண்ணையை விட்டு இறங்க மாட்டாங்க. கேட்டா, "முட்டி வலிக்குது நாயனா"ம்பாங்க. எங்க வீட்ல தெலுங்குதான் பேச்சு. இந்தப் பக்கம் ஒரு தெருவுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஓடும்.

கண்ணுல புரை விழுந்திருக்குன்னு எங்களுக்குத் தெரியாமலும் இல்ல. வலது கண்ணு பாப்பா வெள்ளையா மாறிக்கிட்டு வந்துச்சு. ஊர்ல பெரியவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "முத்தட்டும்பா. முத்தினாத்தான் எடுக்க முடியும்." மாங்கா முத்தினாத்தான் பறிக்கணும்னு தெரிஞ்ச எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு.

அந்தப் பேச்சு பொய்யும் இல்லைங்க. அந்தக் காலத்துல அப்படித்தான் இருந்துச்சு. புரை நல்லா முத்தின பிறகு லென்ஸை முழுசா வெளிய எடுத்துட்டு, சோடா பாட்டில் அடி மாதிரி தடிமனா ஒரு கண்ணாடி மாட்டி அனுப்புவாங்க. எங்க தாத்தா அப்படி ஒரு கண்ணாடி போட்டிருந்தார். இப்ப கண்ணுக்குள்ளயே ஒரு சின்ன லென்ஸ் வைக்கிறாங்க. வேலைக்கு இடைஞ்சலா பார்வை குறைஞ்சாலே எடுத்துடலாம், முத்தற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. வைத்தியம் மாறிடுச்சு, ஊர்ப்பேச்சு மட்டும் மாறல.

தக்காளி விஷயம் நடந்து கொஞ்ச நாள் கழிச்சு அம்மாவை ஒரு பெரிய ஊர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பேர் வேண்டாம். எங்க ஆளுங்களுக்கு ஓசூர் தாண்டினா பெங்களூர், இந்தப் பக்கம் தருமபுரி, சேலம். ஆஸ்பத்திரிக்குப் பஞ்சம் இல்ல. அங்க போனா, கண்ணு அம்மாவோடது, பேச்சு எல்லாம் என்னோட. மூணு விலையில மூணு லென்ஸ் காட்டி எது வேணும்னு கேட்டாங்க. எந்தக் கண்ணு, எப்படி செய்வாங்க, வலிக்குமான்னு அம்மாகிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. "யோசிச்சுச் சொல்றோம்"னு வந்துட்டோம். பஸ்ல அம்மா கேட்டாங்க, "கண்ணை வெளிய எடுத்துத் தட்டுல வெச்சுக் கழுவுவாங்களாமே, நிஜமா?" யாரோ சொல்லியிருக்காங்க. எனக்கும் சரியாத் தெரியாது. "அதெல்லாம் இல்ல, சும்மா இரு"ன்னு அதட்டினேன். அவ்வளவுதான். மாங்கா சீசன் வந்துச்சு, அப்புறம் ராகி நடவு. ஆறு மாசம் ஓடிப்போச்சு.

ஒரு நாள் ராத்திரி அம்மாவுக்குத் தலையைப் பிளக்கற மாதிரி வலி. ரெண்டு தடவை வாந்தி. பித்தம்னு சுக்குக் கஷாயம் வெச்சுக் கொடுத்தா என் வீட்டுக்காரி. காலையில வலது கண்ணு செக்கச் செவேல்னு இருந்துச்சு. சூடுன்னு நினைச்சு மருந்துக்கடையில சொட்டு மருந்து வாங்கி விட்டோம். வலி கூடறதும் குறையறதுமா ஒன்பது நாள். பத்தாவது நாள் எங்க ஊர் செவிலியம்மா பார்த்துட்டு, "அண்ணா, இன்னைக்கே கிளம்புங்க"ன்னாங்க. விடியற்காலம் பஸ் ஏறி, தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம் அரவிந்த் போய்ச் சேர்ந்தோம்.

அங்க என்னை முதல்ல ஆச்சரியப்படுத்தினது கூட்டம். ரெண்டாவது, அந்தக் கூட்டத்துல யாரும் எங்க போறதுன்னு தெரியாம நிக்கல. சேலை கட்டின சின்னப் பொண்ணுங்க ஒவ்வொரு இடமாக் கூட்டிட்டுப் போறாங்க. சீட்டு போடற இடம், எழுத்து படிக்கற இடம், கண் அழுத்தம் பார்க்கற இடம், அப்புறம் டாக்டர். அம்மாவைக் கூட்டிட்டுப் போன பொண்ணு வேப்பனப்பள்ளி பக்கம். அம்மா வாயில ஒரு தெலுங்கு வார்த்தை வந்ததும் அவளும் தெலுங்குக்கு மாறிட்டா.

டாக்டரம்மா பார்த்து முடிச்சுட்டு நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. என்னைப் பார்த்துப் பேசல. அம்மாவைப் பார்த்துப் பேசினாங்க, அந்தப் பொண்ணு தெலுங்குல சொன்னா. வலது கண்ணுல புரை முத்தி, லென்ஸ் ஊதிப்போயிருக்கு. கண்ணுக்குள்ள எப்பவும் ஒரு தண்ணி ஊறி வெளியேறிக்கிட்டே இருக்கணுமாம். ஊதின லென்ஸ் அந்த வழியை அடைச்சிடுச்சு. மடை அடைச்சா வயல்ல தண்ணி ஏறற மாதிரி அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை நசுக்கிடுச்சு. வலியை நிறுத்தலாம். அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்ப வராது. இடது கண்ணுலயும் புரை இருக்கு, நரம்பு நல்லா இருக்கு, அதைக் கண்டிப்பாக் காப்பாத்தலாம்.

அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க. அப்புறம், "ஒண்ணு போதும்மா"ன்னாங்க.

நான்தான் கேட்டேன். "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா?"

டாக்டரம்மா மழுப்பல. "வந்திருந்தா ரெண்டு கண்ணும் இருந்திருக்கும். இப்பவாவது வந்தீங்களே, நல்லது"ன்னாங்க. திட்டியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

முதல்ல அழுத்தத்தை இறக்கி வலது கண்ணு வலிக்கு வைத்தியம். அது அடங்கி ஒரு மாசம் கழிச்சு இடது கண்ணுக்கு ஆபரேஷன். அதுக்கு முன்னாடி சர்க்கரை, ரத்த அழுத்தம், எந்த அளவு லென்ஸ்னு எல்லாம் பார்த்தாங்க. ஆலோசனை சொல்றதுக்குன்னே ஒரு அம்மா இருந்தாங்க. பிளாஸ்டிக்ல செஞ்ச பெரிய கண்ணு பொம்மை ஒண்ணைக் கழட்டிக் காட்டி, அம்மா விரலைப் பிடிச்சு அதைத் தொட வெச்சாங்க. கண்ணை வெளிய எடுக்க மாட்டாங்க, ஓரத்துல ஒரு சின்ன கீறல், அதுக்குள்ள மங்கின லென்ஸை எடுத்துட்டுப் புதுசை வைப்பாங்க. பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவுல ஆறு மாசமா அம்மா மனசுல கிடந்த அந்தத் தட்டு அன்னைக்குத்தான் போச்சு.

உள்ளே நடந்தது அம்மா சொன்னது. பக்கத்துப் பக்கத்துல மேசை. ஒருத்தருக்கு முடிஞ்சதும் டாக்டர் திரும்பி அடுத்த மேசைக்கு வந்துடறாங்க, அதுக்குள்ள இந்த ஆளு தயாரா இருக்காங்க. கண்ணுகிட்ட ஊசி போட்டப்ப சுருக்குன்னுச்சாம், அப்புறம் வலி இல்ல. முகத்துல துணி மூடினப்பதான் பயந்துட்டாங்க. அப்ப ஒரு கை வந்து அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, "பயபடொத்து அவ்வா, நேனு ஈடனே உண்டானு"ன்னுச்சாம். பயப்படாதே அவ்வா, நான் இங்கயேதான் இருப்பேன்னு அர்த்தம். வேப்பனப்பள்ளிப் பொண்ணு. "அந்தக் குரல் கேட்டதும் நம்ம ஊர்ல இருக்கற மாதிரி ஆயிடுச்சு"ன்னாங்க அம்மா.

இந்த மாதிரி மேசை போட்டு வேலை செய்யற முறை எங்கிருந்து வந்துச்சுன்னு அப்புறம் தேடிப் படிச்சேன். இதை ஆரம்பிச்ச டாக்டர் கோ. வெங்கடசாமி எங்களை மாதிரி விவசாயக் குடும்பம். 1918ல எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துல பிறந்தவர். முடக்குவாதம் வந்து கைவிரல் எல்லாம் கோணிப்போச்சு. அந்தக் கையில கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கு மேல கண் ஆபரேஷன் செஞ்சிருக்கார். அரசு வேலையில 58 வயசுல ஓய்வு பெற்று, 1976ல மதுரையில 11 படுக்கையோட தொடங்கினார். அமெரிக்காவுல மெக்டொனால்டு கடையில எங்க போனாலும் ஒரே மாதிரி, வேகமா, மலிவாக் கொடுக்கறாங்களே, கண் வைத்தியத்தை ஏன் அப்படிக் கொடுக்க முடியாதுன்னு கேட்டவர். உள்ள வைக்கற லென்ஸை வெளிநாட்டுல இருந்து வாங்கினா ஏழைக்குக் கட்டாதுன்னு 1992ல ஆரோலேப்னு மதுரையிலயே லென்ஸ் செய்ய ஆரம்பிச்சாங்க. காசு கொடுக்கறவங்க கொடுப்பாங்க, முடியாதவங்களுக்கு இலவசம். அந்தச் சேலை கட்டின பொண்ணுங்களும் பெரும்பாலும் கிராமத்துல இருந்து எடுத்து, ரெண்டு வருஷம் பயிற்சி கொடுத்து வேலைக்கு வெச்சவங்கதான்.

மறுநாள் காலையில கட்டுப் பிரிச்சாங்க. அம்மா முதல்ல பார்த்தது என்னை இல்ல, அந்தப் பொண்ணை. "நீ இவ்ளோ சின்னப் புள்ளையா? குரலைக் கேட்டு ரெண்டு புள்ளை பெத்தவன்னு நினைச்சேன்"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லல. நானும் எதுவும் கேட்கல.

வீட்டுக்கு வந்து சொட்டு மருந்து மணிக்கணக்குப் பார்த்து விட்டோம். தலைக்குக் குளிக்கக் கூடாது, குனிஞ்சு பாரம் தூக்கக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது. விறகடுப்பை விட்டு ஒதுங்கி உக்காரச் சொன்னதுதான் அம்மாவுக்குப் பெரிய தண்டனை.

பட்டணத்துல இருந்து இதைப் படிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஊர்ல இருக்கற உங்க அம்மா அப்பாகிட்ட போன்ல "கண்ணு எப்படி இருக்கு?"ன்னு கேட்டா "நல்லா இருக்கு"ன்னுதான் சொல்வாங்க. கூட்டிட்டுப் போக ஆள் இல்ல, லீவு போடணும், செலவு ஆகும்னு அவங்களே கணக்குப் போட்டு மறைச்சுடுவாங்க. ஊருக்குப் போறப்ப ஒரு கண்ணை மூடச் சொல்லி, இன்னொரு கண்ணால காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லுங்க. அப்புறம் அடுத்த கண்ணு. ரெண்டு கண்ணும் திறந்திருந்தா நல்ல கண்ணு கெட்ட கண்ணை மறைச்சிடும். தண்ணி எப்படி ஊத்தறாங்கன்னு பாருங்க. கண்ணு சிவந்து தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தா அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போங்க. பித்தம்னு நினைச்சு நான் தொலைச்ச பத்து நாள் உங்களுக்கு வேண்டாம்.

அம்மா இப்ப மறுபடியும் தக்காளி பிரிக்கறாங்க. மண்டியில இதுவரைக்கும் ஒரு பச்சைக்காய் கலந்ததா யாரும் சொல்லல. வலது பக்கம் யாராவது வந்து நின்னா மட்டும் அவங்களுக்குத் தெரியாது. அதனால வீட்ல எல்லாரும் இடது பக்கமா வந்து பேசப் பழகிட்டோம்.