ஊருக்கே ஒன்று போதும்

ஹெல்சின்கி

அன்புள்ள அக்கா,

தொட்டில் வாங்கியாச்சா என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். வாங்கவில்லை. அரசாங்கம் அனுப்பிய அட்டைப்பெட்டியில்தான் சின்னவள் தூங்குகிறாள். பதறாதே, இங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அதில் தூங்கி வளர்ந்தவர்கள்தான். 1938இல் ஏழைத் தாய்மார்களுக்கென்று ஆரம்பித்தது. 1949 முதல் எல்லோருக்கும் உண்டு. நாலாம் மாதம் முடிவதற்குள் கர்ப்பிணி பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடியில் மெத்தை, மேலே துணிமணி, போர்வை. பெட்டி வேண்டாதவர்கள் 170 யூரோ வாங்கிக்கொள்ளலாம். ஆனாலும் தலைப்பிள்ளைக்காரர்கள் பெரும்பாலும் பெட்டியைத்தான் கேட்கிறார்கள்.

இதை வைத்து நாங்கள் ஏதோ சாமியார் வாழ்க்கை வாழ்வதாக அத்தையிடம் சொல்லிவிடாதே. வெள்ளைச் சுவரும் ஒற்றைப் பூச்சாடியுமாக இந்த ஊர் வீடுகளைப் படம் போட்டு, எளிமை என்று எழுதுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். நம் ஊரில் நாலு கவுனில் பிள்ளை வளர்ந்துவிடும். இங்கே சேற்றுக்கு ஓர் அங்கி, பனிக்கு ஓர் அங்கி, உள்ளே கம்பளி, கையுறை, இரண்டு வகை பூட்ஸ். மைனஸ் பத்திலும் பாலர் பள்ளியில் வெளியே விளையாட விடுவார்கள். எல்லாமே அடுத்த வருஷம் பத்தாது.

பெரியவனின் பனி அங்கியில் கழுத்துப் பட்டியைத் திருப்பினால் மூன்று பெயர்கள். முதல் இரண்டும் பேனாவால் அடிக்கப்பட்டிருக்கின்றன, மூன்றாவது அவனுடையது. வாங்கியது கிர்ப்புத்தோரியில், அதாவது பழைய சாமான் கடையில். அங்கே ஒரு வாரத்துக்கு அலமாரியை வாடகைக்கு எடுத்து, நாமே விலை ஒட்டி வைத்துவிட்டு வந்துவிடலாம். விற்பதும் காசு வாங்குவதும் கடைக்காரர் வேலை. போன வசந்தத்தில் நாங்களும் ஓர் அலமாரி எடுத்தோம். வாடகை போக மிஞ்சியது சைக்கிள் ஹெல்மெட்டுக்குச் சரியாக இருந்தது.

துணி துவைக்கக் கட்டடத்தின் அடித்தளத்தில் பொது அறை. சுவரில் தொங்கும் தாளில் பென்சிலால் வீட்டு எண்ணை எழுதினால் நம் முறை. தையல் மெஷின், 2018இல் திறந்த ‘ஓடி’ என்ற நூலகத்தில் இருக்கிறது. விளையாட்டுப் பூங்காக்களிலேயே வண்டியும் வாளியும் கிடக்கும். கோடையில் பிள்ளைகள் வீட்டிலிருந்து கிண்ணமும் கரண்டியும் கொண்டுபோனால் மதியச் சாப்பாடும் அங்கே இலவசம். போர்க்காலத்தில், 1942இல் தொடங்கியதை நகராட்சி இன்னும் விடவில்லை.

ஆகவே வீட்டில் சாமான் அதிகம் சேராமல் இருப்பதில் எங்கள் சாமர்த்தியம் ரொம்பக் கிடையாது. கல்யாணத்துக்கு அண்டா வேண்டுமென்றால் நம் தெருவில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அம்மாவுக்குத் தெரியுமே, அதே ஏற்பாடுதான். அந்தக் கதவு இங்கே நகராட்சியுடையது. வரி கட்டும்போது வலிக்கத்தான் செய்யும்.

ஒன்றில் மட்டும் நாம் மாறவில்லை. எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் ஒரு வெட் கிரைண்டர் உண்டு. அதை இரவல் கேட்க எனக்கே வாய் வரவில்லை, விமானத்தில் சுமந்து வந்தோம்.