மயிலம் படிக்கட்டில் பேசிய பேச்சு

பெண் பார்க்க வருகிறவர்களிடம் நாம் எதையெல்லாம் சொல்கிறோம்? பெண் நன்றாகச் சமைப்பாள், கோலம் போடுவாள், அதிர்ந்து பேசமாட்டாள். எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறோம் என்று பட்டியல் போட்டால் அது இன்னும் நீளமாக இருக்கும், இல்லையா?

விழுப்புரத்தில் இருக்கும் என் அக்கா மகளுக்குப் பதினோரு வயதில் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறாள். கடைசியாக வலிப்பு வந்து ஆறு வருஷம் ஆகிறது. திண்டிவனத்திலிருந்து நல்ல வரன் வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாலி ஏறட்டும்டி, அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள். அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அடிக்கடி வலிப்பு வருவதைக் கல்யாணத்துக்குத் தடை என்று இந்து திருமணச் சட்டமே சொல்லிக்கொண்டிருந்ததே! 1999-இல்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள்.

ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. புகுந்த வீட்டில் மாத்திரையைப் புடவை மடிப்பில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிற பெண், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் விட்டுவிடுவாள். கல்யாணச் சந்தடியில் தூக்கம் வேறு கெடும். அடங்கியிருக்கும் வலிப்பு திரும்பி வருவதற்கு இவை இரண்டும் போதுமே. தவிர, இந்த மாத்திரைகளில் சில, கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆகாதவை. பிள்ளை உண்டாவதற்கு முன்பே டாக்டரிடம் போய்க் கேட்டு மாற்ற வேண்டியிருக்கும். (நாமாக நிறுத்தவே கூடாது.) புருஷனுக்குத் தெரியாமல் நடக்கிற காரியமா இது?

"நானே சொல்றேன் சித்தி" என்றாள் பெண்.

இரண்டு ஊருக்கும் இடையில் இருக்கிறதென்று மயிலம் முருகன் கோயிலில் சந்தித்தோம். படிக்கட்டில் தள்ளி உட்கார்ந்து இருவரும் பேசினார்கள். கால் மணி நேரம்தான் இருக்கும். அக்காவுக்கு அது கால் யுகம். அவள் சொல்லி முடித்ததும் அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லையாம். பிறகு, தன் அப்பா குடித்தே வீட்டை அடமானம் வைத்ததையும், அம்மா துணி தைத்து அதை மீட்டதையும் சொன்னாராம். "இதை நான் எந்த சிநேகிதன்கிட்டயும் சொன்னதில்லை" என்றாராம். அதற்குமேல் என்ன பேசினார்கள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்த்தேனே!

மனோதத்துவ நிபுணர்கள் இதையும் ஆராயாமல் விடவில்லை. அமெரிக்காவில் ஆர்தர் ஆரன் என்பவரும் கூட்டாளிகளும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவரை உட்காரவைத்து 36 கேள்விகளைக் கொடுத்தார்கள். முதலில் மேலோட்டமானவை, போகப்போக மனசுக்குள் இறங்குபவை. முக்கால் மணி நேரத்தில், சும்மா ஊர்க்கதை பேசிய ஜோடிகளைவிட இவர்கள் நெருங்கிவிட்டார்கள். அதற்கு முன்பே, 1994-இல், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காலின்ஸ், மில்லர் இருவரும் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். நம்மிடம் மனசு விட்டுப் பேசுகிறவரை நமக்குப் பிடிக்கும். அதுமட்டுமல்ல, நாம் யாரிடம் மனசு விட்டோமோ அவரையும் பிடித்துப்போகிறதாம். 2013-இல் சூசன் ஸ்ப்ரெச்சர் குழுவினர் சொன்னது, ஒருவரே சொல்லி மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, மாறி மாறிச் சொன்னால்தான் பிடித்தம் கூடும் என்று.

அதற்காகப் பார்த்த மாத்திரத்தில் கொட்டிவிடுவதா? போனில் அறிமுகமானவனுக்கு வீட்டு விலாசம், போட்டோ, நகைக் கணக்குவரை அனுப்பும் பெண்களைக் கேள்விப்பட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நாம் ஒரு படி இறங்கினால் அவரும் ஒரு படி இறங்குகிறாரா என்று பார்க்க வேண்டாமா?

பெண்ணிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினேன். "சண்டை வர்றப்ப 'உங்கப்பா குடிச்சவர்தானே'ன்னு ஒரு தடவை எடுத்து வீசினே, அப்புறம் அந்த மனுஷன் ஆயுசுக்கும் உன்கிட்ட எதையும் சொல்லமாட்டார்."

கல்யாணம் முடிந்து எட்டு மாதமாகிறது. நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளை தன் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டார். ராத்திரி மாத்திரைக்கு அவர்தான் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறாராம். அக்கா மட்டும், பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால் இன்னும் "அது சத்து மாத்திரை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.