சூரியன் புகாத இடத்தில் சூரிய தரிசனம்

ரோமாபுரிக்கு வடகிழக்கே சுமார் 120 கிலோமீட்டர் சென்றால் கிரான் சாஸோ என்னும் மலை வழிமறித்து நிற்கிறது. நெடுஞ்சாலையோ அதைச் சுற்றிப் போவதில்லை. மலையின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்தச் சுரங்கத்தின் நடுவே ஒரு கிளைவழி பிரிந்து, மூன்று பிரமாண்டமான கூடங்களில் கொண்டுபோய் விடுகிறது. தலைக்கு மேலே 1,400 மீட்டர் பாறை. சூரியனுடைய கிரணம் எட்டாத இந்த இருட்டிலிருந்துதான் சூரியனுடைய உள்ளத்தைப் பார்த்தார்கள் என்று சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

சூரியனின் நடுவே அணுக்கருக்கள் ஒன்றுகூடும்போது நியூட்ரினோ என்னும் துகள் பிறக்கிறது. அங்கே பிறந்த ஒளி வெளிவரப் பல்லாயிரம் ஆண்டுகள் செல்லும். நியூட்ரினோவோ எட்டே நிமிஷத்தில் நம்மிடம் வந்துவிடுகிறது. நம் விரல் நகத்தளவு இடத்தில் விநாடிக்கு 6,000 கோடி நுழைந்து போகின்றன. ஒன்றுகூட நம்மைத் தொடுவதாகத் தெரியவில்லை!

அவற்றைப் பிடிக்க அமைத்ததே போரெக்ஸினோ. வெளியே பெரிய தண்ணீர்த் தொட்டி. அதனுள் எஃகுக் கோளம். அதனுள் எட்டில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள நைலான் பை. பைக்குள் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த 278 டன் திரவம். எப்போதாவது ஒரு நியூட்ரினோ ஓர் எலெக்ட்ரானை இடித்தால் திரவம் மினுக்கென்று ஒளிரும். சுற்றிலும் 2,212 ஒளிக்கண்கள் அதற்காகக் காத்திருந்தன. வானிலிருந்து பொழியும் மற்றக் கதிர்களை மலை தடுத்துக்கொள்கிறது.

இந்தத் திரவத்தால் ஒரு விபரீதமும் நேர்ந்தது. 2002 ஆகஸ்டில் சுமார் 50 லிட்டர் கசிந்து ஓடையில் கலந்தது. அந்த மலையின் ஊற்றுக்களோ சுற்றுப்புற ஊர்களுக்குக் குடிதண்ணீர். ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள், வேலை நெடுநாள் நின்றது. நியாயந்தானே? சூரியனை அறியும் ஆவலில் கீழேயிருக்கும் குடத்தை மறக்கலாமா?

2007 மே மாதம் கருவி கண் விழித்தது. ஆனால் நைலான் பையிலிருந்து பொலோனியம் என்ற கதிரியக்கப் பொருள் உதிர்ந்து, திரவத்தின் சிறு வெப்ப மாறுதல்களால் கிளம்பும் நீரோட்டங்களில் உள்ளே மிதந்து வந்தது. அது கணக்கைக் குழப்பியது. 2015-இல் தொட்டி முழுவதற்கும் கம்பளிபோல் ஓர் உறை போர்த்தினார்கள். பிறகு நீரோட்டம் அடங்கப் பொறுமையாய்க் காத்திருந்தார்கள்.

பலன் 2020-இல் கிட்டியது. கரியும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் துணைநிற்க ஹைட்ரஜன் ஹீலியமாகும் ஒரு சுழற்சியை 1930-களிலேயே பெத்தேயும் வைஸ்ஸேக்கரும் ஊகித்திருந்தார்கள். சூரியனின் சக்தியில் அதன் பங்கு நூற்றில் ஒன்றுதான். அதன் நியூட்ரினோக்கள் முதன்முதலாக இங்கே அகப்பட்டன. 100 டன் திரவத்தில் நாளொன்றுக்குச் சுமார் ஏழு!

2021 அக்டோபரில் கருவி ஓய்ந்தது. அதன் பின்னரே எனக்கு அந்தச் சாலையில் போக வாய்த்தது. சுரங்கம் முடிந்ததும் திடீரென்று வெயில் முகத்தில் அடித்தது. கையால் கண்ணை மறைத்துக்கொண்டேன்.