கணக்கு இருக்கு, வாரிசு எங்கே?

அந்தமான்ல வேலைன்னு சொன்னா ஊர்க்காரங்க கேக்கற முதல் கேள்வி செல்லுலார் ஜெயில். அடுத்தது, கடல் தண்ணி நிஜமாவே அந்தக் கலர்லயா இருக்கு? இங்க என்ன ஆராய்ச்சி நடக்குதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை. பி.காம். படிச்சுட்டு பேங்க்ல வவுச்சர் பாக்கறவன்கிட்ட யார் கேப்பாங்க? அதனால நானே சொல்லிடறேன். போர்ட் பிளேருக்கு (2024லேருந்து ஸ்ரீ விஜயபுரம்) வந்த பிறகு நான் தேடித் தேடிப் படிச்ச மூணு விஷயம் இது.

முதல்ல ஒரு பாசி. 2019ல பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்துக்காரங்க இந்தக் கடலோரத்துல ஒண்ணைப் பாத்தாங்க. மெல்லிசா காம்பு, மேல சின்னக் குடை. பல்கலைக்கழகம் இருக்கறது பதிண்டாவுல. கண்ணுக்கெட்டின தூரம் கடலே கிடையாது! டி.என்.ஏ.வை எல்லாம் ஒப்பிட்டுப் பாத்து, இது புது இனம்தான்னு உறுதி பண்ண கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆச்சு. 2021ல பேர் வெச்சாங்க: அசிட்டாபுலாரியா ஜலகன்யகே. அதாங்க, கடல்கன்னி.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்தக் குடை, காம்பு, வேர் மாதிரி இருக்கற அடிப்பகுதி எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு செல். 1930கள்ல ஜெர்மனியில ஹாமர்லிங்னு ஒரு விஞ்ஞானி இந்தக் குடும்பத்துப் பாசிகளை வெட்டி ஒட்டிப் பாத்தார். ஒரு இனத்தோட காம்பை இன்னொரு இனத்தோட அடிப்பகுதியில ஒட்டினா, கடைசியில அடியில இருக்கற நியூக்ளியஸ் சொல்ற குடைதான் முளைச்சுது. செல்லுக்கு முதலாளி யாருன்னு உலகத்துக்குக் காட்டினது இந்தக் குட்டிக் குடைங்கதான்.

ரெண்டாவது மண்ணு. 2004 டிசம்பர் 26ஐ இங்க யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம். ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஜாவேத் மாலிக் குழு, தெற்கு அந்தமானோட தென்மேற்குக் கரையில படாபாலுங்கற இடத்துல மண்ணைத் தோண்டிப் பாத்தாங்க. சுனாமி வந்தா கடல் மணலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஓடுகளும் உள்ள வந்து, சேத்து மேல ஒரு அடுக்கா படிஞ்சிடும். அப்புறம் மறுபடி சேறு. அப்படி ஒண்ணு மேல ஒண்ணா இருக்கற அடுக்குகளோட வயசைக் கணக்குப் பண்ணி, 8000 வருஷத்துல 7 சுனாமி வந்த தடயம் இருக்குன்னு 2019ல வெளியிட்டாங்க. நாங்க எழுதற பேரேடு மாதிரிதான். வரவு விழுந்த பக்கத்தைக் கிழிக்க முடியாது. ஆனா சராசரி போட்டு அடுத்தது எப்பன்னு சொல்லலாம்னு நினைச்சுடாதீங்க. சுனாமி என்ன, மாசாமாசம் கட்டற தவணையா?

மண்ணு வெச்சிருந்த இந்தக் கணக்கை மனுஷங்களும் வெச்சிருந்தாங்க. லிட்டில் அந்தமான் ஓங்கே மக்கள் அன்னிக்குக் கடல் உள்வாங்கினதைப் பாத்ததும் மேட்டுக்குப் போய்த் தப்பிச்சாங்க. அவங்களுக்கு அதைச் சொல்லிக் குடுத்தது தாத்தா பாட்டி. எந்த ஐ.ஐ.டி.யும் இல்லை. அந்த அறிவு இருந்த இடம் அவங்க பேச்சு.

அதனாலதான் மூணாவது விஷயம் என்னை ரொம்பப் பாதிச்சுது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்விதா அப்பி, 2005லேருந்து கிரேட் அந்தமானீஸ் மொழியைப் பதிவு செஞ்சாங்க. ஒரு காலத்துல பத்துக் குழுக்களா இருந்த மக்கள். அவர் வந்தப்போ மொழி தெரிஞ்சவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அவர் கண்டுபிடிச்சது இதுதான்: அந்த மொழியோட இலக்கணமே உடம்பை வெச்சு நடக்குது. வாய் சம்பந்தப்பட்டது, கை கால் மாதிரி நுனி, உள்ளுறுப்புன்னு ஏழு வகை. பெயர்ச்சொல், வினைச்சொல் எல்லாத்துக்கும் முன்னாடி அதுக்கான ஒரு சின்ன ஒலி வந்து ஒட்டிக்கும். நாமளும் ஊசிக்குக் காது, மேஜைக்குக் கால்னு சொல்றோம். நமக்கு அது உவமை. அவங்களுக்கு அதுதான் இலக்கணம். இந்த மொழி ஒரு தனிக் குடும்பம்னு அவர் சொன்னார். ஓங்கே, ஜாரவா மொழிகளோட இதைச் சேர்க்க முடியாதாம்.

அவருக்குச் சொல்லிக் குடுத்தவங்கள்ல ஒருத்தர் போவா சீனியர். போ மொழியைப் பேசின கடைசி மனுஷி. சுனாமியைத் தாண்டி வந்தவர், 2010 ஜனவரி 26ல சுமார் 85 வயசுல போய்ச் சேர்ந்தார். தன் மொழியில பேச ஆள் இல்லாம பறவைங்ககிட்ட பேசுவாராம். சாரே மொழியோட கடைசி ஆளான லிச்சோ 2020 ஏப்ரல் 4ல இறந்தார். அப்பியோட அகராதியும் இலக்கணமும் புத்தகமா வந்தாச்சு. அந்த வீட்டுப் பிள்ளைங்க இப்ப பேசறது ஹிந்தி.

பேங்க்ல பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிடும். பணம் அழியாது. வாரிசு என்னிக்கு வந்து கேட்டாலும் கிடைக்கும். அந்தப் புத்தகங்களும் அப்படித்தான். பாக்கி பத்திரமா இருக்கு, கேக்கத்தான் ஆள் வரணும்.

தமிழ் பேச கோடிக்கணக்குல ஆள் இருக்கு, பயமில்லை. ஆனா எங்க குவார்ட்டர்ஸ் வாசல்ல பசங்க விளையாடறது ஹிந்தியில. ஏழாவது படிக்கற என் பையன் ஊர்ல இருக்கற பாட்டிகிட்ட போன்ல பேசும்போது நடுவுல ஒரு வார்த்தைக்குத் திணறி, அதை ஹிந்தியில சொல்லி முடிக்கறான். பாட்டி "என்னடா ராசா?"ன்னு கேக்கறாங்க. ஒரு மொழி ஒரு வீட்டை விட்டுப் போறது இவ்வளவு சாதாரணமாத்தான் இருக்கும் போல. அதனால இப்ப ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பாட்டிக்கு அவனே போன் போடணும், ஒரு கதை கேட்டு எங்ககிட்ட திருப்பிச் சொல்லணும். முனகிக்கிட்டே செய்யறான். நேத்து சொன்னதுல பாதிக்கு மேல தமிழ்.

வெளியூர்ல இருக்கறவங்களே, உங்க வீட்ல எப்படி?