மின்னல் வெளியே இல்லை

ஃபீனிக்ஸ் பே படகுத் துறையில் அன்று மழைக்கு அறிகுறியே இல்லை. அவருக்கு மட்டும் மின்னல் தெரிந்தது. வலது கண்ணின் ஓரத்தில், வில்லாக வளைந்து, ஒரு கணம். தலையைத் திருப்பினால் மறுபடியும்.

படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் அவர். வயது 54. தாத்தா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே தடித்த கண்ணாடி. இப்போது மைனஸ் எட்டு.

மறுநாள் காலை, கண்ணுக்குள் யாரோ புகைக்கரியைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. "எஞ்சின் புகைதான் அண்ணே, சோப்பு போட்டுக் கழுவுங்க" என்றான் உதவியாள் பையன். "விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடட்டுமாங்க?" என்றார் மனைவி. வலி இருந்திருந்தால் அப்போதே ஓடியிருப்பார். விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. அது சத்தமில்லாமல் கிழிகிறது.

நடந்தது இதுதான். கண்ணின் உட்குழியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற கூழ், வயதாக ஆக நீர்த்துச் சுருங்குகிறது. ஒருநாள் விழித்திரையை விட்டு விலகுகிறது. பெரும்பாலோருக்கு அத்தோடு சரி. சில புள்ளிகள் மிதக்கும், பழகிவிடும். சிலருக்குக் கூழ் எங்கோ ஓரிடத்தில் அழுத்தமாக ஒட்டியிருக்கும். விலகும்போது அந்த இடத்தையும் சேர்த்து இழுக்கிறது. அந்த இழுப்புதான் மின்னல். கிழிந்த இடத்தில் கசியும் ரத்தமும் உதிரும் நிறமித் துகள்களும்தான் கரி. கிட்டப்பார்வைக்காரர்களின் நீண்ட கண்ணில் விழித்திரை ஏற்கெனவே மெலிந்திருப்பதால் ஆபத்து கூடுதல். கிழிசல் வழியாகத் திரவம் பின்னால் இறங்கினால், ஓதம் ஏறிய சுவரிலிருந்து சுண்ணாம்பு பெயர்வதுபோல் விழித்திரை பெயர்ந்துவிடும்.

அவரை அவசரப்படுத்தியது இந்த விஞ்ஞானமல்ல. அதே தெருவில் குடியிருக்கும், ஓய்வுபெற்ற சாரங்கு ஒருவரின் கதை. சில வருடங்களுக்கு முன் அவரும் மின்னல் கண்டார். விமானக் கட்டணத்துக்கு யோசித்து, அடுத்த சென்னைக் கப்பலுக்குக் காத்திருந்தார். காத்திருந்த நாட்கள் போக, கடலில் ஏறக்குறைய மூன்று நாட்கள். சென்னையில் இறங்கியபோது கீழிருந்து ஏறிய கறுப்புத் திரை நடுப்பார்வையை மூடியிருந்தது. ஆபரேஷன் செய்து, விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்கள். நாள்கணக்கில் குனிந்தே இருந்தார். அதன்பிறகு தெரிந்ததுதான் தீவுக்காரருக்கே உரிய சிக்கல்: வாயு கண்ணில் இருக்கும்வரை விமானம் ஏறக்கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைய, வாயு விரியும். கண்ணின் அழுத்தம் எகிறி ரத்த ஓட்டமே நின்றுவிடலாம். சில வகை வாயு கரைய இரண்டு மாதம்வரை ஆகும். சாரங்கு கப்பலிலேயே திரும்பினார். அந்தக் கண்ணுக்கு இப்போது பெரிய எழுத்துகள் மட்டும் தெரிகின்றன.

ஃபிட்டர் மூன்றாம் நாளே கண் மருத்துவரிடம் போனார். மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்தார். தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, இமைமேல் சிறு கம்பியால் அழுத்திப் பார்த்தார். மேல் ஓரத்தில் குதிரை லாட வடிவில் ஒரு கிழிசல். வேறிடத்தில் இரண்டு சிறிய, வட்டமான ஓட்டைகள். "கப்பல் வேண்டாம். நாளைக்கே பிளேன்ல போங்க. உள்ளே வாயு இல்லை, பறக்கலாம்." மகளின் கல்லூரிக்காக எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணம் இரண்டு டிக்கெட்டாக மாறியது.

இப்படி ஓட்டையைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று உலகுக்குச் சொன்னவர் சுவிட்சர்லாந்தின் ழூல் கோனின். 1920களில் அவர் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சூட்டுக்கோலால் சுட்டு மூடும்வரை, விழித்திரை பெயர்ந்தால் குருடு என்பதே விதி. 1945-ல் சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தவரின் விழித்திரையில் இருந்த தழும்பு, ஜெர்மனியின் மேயர்-ஷ்விக்கராத்துக்கு ஒளியாலேயே சுடலாம் என்ற யோசனையைத் தந்தது. முதலில் அவர் பயன்படுத்தியதும் சூரிய ஒளியைத்தான்! தலைவிளக்குக் கருவியைப் பாஸ்டனில் பரப்பிய ஷெப்பன்ஸிடம் பயின்ற பத்ரிநாத், 1978-ல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார்.

சென்னையில் லேசருக்கு அரைமணிகூட ஆகவில்லை. பளிச் பளிச்சென்று பச்சை வெளிச்சம், இடையிடையே சுருக்கென்று ஒரு குத்தல்.

"வெல்டிங் மாதிரியா சார்?"

"கிட்டத்தட்ட. ஆனா ஓட்டையை அடைக்கறதில்லை. சுத்தி மூணு வரிசை சுட்டுக் கரை கட்டறோம். தழும்பு இறுகப் பத்துப் பதினாலு நாள் ஆகும்."

அறிகுறியோடு வரும் இத்தகைய கிழிசலைச் சும்மா விட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழித்திரை பெயரும். லேசருக்குப் பின் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே அப்படி ஆகிறது. அதில் அவருக்குச் சமாதானம்தான். வட்ட ஓட்டைகளைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. கூழின் இழுப்பு இல்லாமல் மெலிவால் விழுந்தவை, தொந்தரவும் தரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று விட்டுவிட்டார் டாக்டர். ஓட்டை இருப்பது தெரிந்தே படகை யாராவது தண்ணீரில் விடுவார்களா? இருபது வருடமாகப் படகோடு பழகியவர் அப்படித்தான் கேட்பார். டாக்டர் பொறுமையாக மறுபடி விளக்கினார். அவர் தலையாட்டினாரே தவிர, ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

கரிப்புள்ளிகளில் சில இன்னும் மிதக்கின்றன. அவை லேசருக்குப் போவதில்லை. இப்போது தினமும் வேலை தொடங்குமுன் துறையில் நின்று, ஒரு கண்ணைப் பொத்தி எதிர்க்கரை மலையைப் பார்க்கிறார். பிறகு மறு கண்ணை.

"காலங்காத்தால யாருக்கு அண்ணே கண்ணடிக்கிறீங்க?" என்கிறான் பையன்.